சூலூர் ஸ்குவாட்ரனின் பரம்வீர்

நம்ம சரவணம்பட்டியில இருந்து கொஞ்ச தூரத்துல இருக்குற சூலூர் விமானப்படைத் தளம் எல்லாருக்கும் தெரியும். அங்கே 2020-ல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கிய 18-வது ஸ்குவாட்ரனின் பெயர் 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'. இந்திய விமானப்படையில் இதுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர் ஒரே ஒருத்தர்தான். அவர் இந்த ஸ்குவாட்ரன்காரர். பெயர் நிர்மல்ஜித் சிங் சேகோன்.

பஞ்சாபில் லூதியானா பக்கம் இசேவால் கிராமம். அப்பாவும் விமானப்படையில் இருந்தவர். சேகோனும் நம்மள மாதிரி இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்ந்தவர்தான். ஆனா பாதியில விட்டுட்டு விமானப்படைக்குப் போயிட்டார். 1967 ஜூனில் அதிகாரி ஆனார். எல்லாரையும் 'பிரதர்'னு கூப்பிடுவாராம். கடைசியில அதுவே அவரோட பட்டப்பெயர் ஆயிடுச்சு.

1971 போருக்கு முன்னாடி ஸ்ரீநகரில் வான் பாதுகாப்பு விமானமே கிடையாது. 1948 ஒப்பந்தப்படி அங்கே நிறுத்தக் கூடாது. போர் வந்ததும்தான் சேகோன் இருந்த நாட் விமானப் பிரிவு அங்கே போனது. நாட் ரொம்பச் சின்ன விமானம்: இறக்கை அகலம் சுமார் 22 அடி. எதிரியின் சேபருக்கு 37 அடி. ஆனா சின்னதா இருக்குறதால கண்ணுக்குச் சிக்காது, சட்டுனு திரும்பும்.

டிசம்பர் 14, காலை. ஆறு சேபர்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்கின. தயாரா இருந்த நாட் இரண்டுதான். முதல்ல கும்மன் கிளம்பினார். அடுத்து, ஓடுபாதையில் குண்டு விழுந்துட்டு இருக்கும்போதே சேகோன் மேலே ஏறினார். பனிமூட்டத்தில் இரண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. தனி ஆளா நின்ற சேகோன் ஒரு சேபரைச் சுட்டார். இன்னொன்று புகையோடு விலகியது. மிச்சம் இருந்தவை சூழ்ந்துகொண்டன. அவர் விமானம் விழுந்தது. உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. இரண்டே நாளில் போர் முடிந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை.

ஒன்றை யோசிச்சுப் பாருங்க. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றுக்கும் இன்னைக்கும் சொந்தப் போர் விமானம் இல்லை. 2004-ல் நேட்டோவில் சேர்ந்ததிலிருந்து கூட்டாளி நாடுகள் முறை போட்டு விமானம் அனுப்பிக் காவல் காக்கின்றன. பெரிய கூட்டணியில் இருந்தாலும் சரி, பெரிய நாட்டின் ஒரு மூலையில் இருந்தாலும் சரி, தாக்குதல் வரும் அந்த நிமிஷத்தில் பக்கத்துல நிற்கிற விமானம்தான் காப்பாற்றும். தொலைவில் ஆயிரம் இருந்தாலும் வந்து சேர நேரம் இருக்காது. அன்றைக்கு அந்தக் குறையைத் தன் உயிரால ஈடுகட்டினவர் சேகோன்.

அவருடைய ஸ்குவாட்ரன் 2016-ல் கலைக்கப்பட்டு, 2020 மே 27-ல் சூலூரில் தேஜஸோடு மறுபடி பறக்கத் தொடங்கியது. தேஜஸும் சின்ன விமானம்தான், ஆனா நம்ம நாட்டிலேயே வடிவமைச்சது. ஏரோ, ஈசிஇ படிக்கிற நண்பர்களே, அடுத்த விமானத்தின் ரேடாரோ எஞ்சினோ உங்க கையில வரலாம். அதை நம்பி ஓடுபாதையில் ஒருத்தர் காத்திருப்பார்ங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க.