மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட வாலிபர்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் திவான் பகதூர் ரோடு இருக்கிறது. டி.பி. ரோடு என்றால்தான் எல்லோருக்கும் புரியும். நகரசபைத் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் உண்டான பேட்டை அது. அவர் பெற்ற பட்டம்தான் திவான் பகதூர்.

நேரான, அகலமான வீதி. ராத்திரி கடை அடைத்துவிட்டால் காலியாகக் கிடக்கும். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்குக் கை துறுதுறுக்காதா?

திடீரென்று ஓர் இரைச்சல். முன்சக்கரம் மேலே எழும்பும். வண்டி ஒற்றைச் சக்கரத்தில் பாயும். இந்த வித்தைக்கு வீலிங் என்று பெயர். திண்ணையில் இருக்கும் தாத்தாவுக்கு நெஞ்சு படபடக்கும். ஓட்டுகிறவனுக்கோ அந்த நாலு விநாடியும் சொர்க்கம்!

மோட்டார் சைக்கிள் மோகம் கோவைக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வாலிபரை அது ஆட்டிப் படைத்தது. அதற்காக அவர் ஊரை விட்டு வந்தார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து வண்டியை வாங்கினார். வாங்கியபின் அவர் செய்த காரியம்தான் எல்லோரையும் திகைக்க வைத்தது.

அவர்தான் ஜி.டி. நாயுடு.

மணல் வீசிய மாணவர்

சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு, விவசாயி. துரைசாமி குழந்தையாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் என்றால் பையனுக்கு வேப்பங்காய். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதவேண்டும். அந்த மணலையே வாரி வாத்தியார் முகத்தில் வீசிவிட்டு ஓடினார் என்று சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. பிறகு தோட்ட வேலை.

ஆனால் எழுத்தை அவர் விடவில்லை. தமிழ்ப் புத்தகங்களைத் தேடி வாங்கித் தாமே படித்தார். வாத்தியார் சொல்லித் தந்தால் கசந்த பாடம், தாமாகப் படித்தபோது இனித்தது! கடைசி வரை அவர் குணம் இதுதான்.

முதல் பார்வை

அவருக்கு இருபது வயது இருக்கும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார்.

மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! கிராமத்து ஜனங்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். துரைசாமியால் போக முடியவில்லை. அது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வண்டியின் பெயர் ரட்ஜ். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் செய்தது. 1911-ல்தான் அந்தக் கம்பெனி முதல் மோட்டார் சைக்கிளையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1914-ல் அயில் ஆப் மேன் தீவில் நடந்த பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்ததும் ஒரு ரட்ஜ்தான். அப்படிப்பட்ட வண்டியைக் கலங்கல் வாலிபர் விலைக்குக் கேட்பதா? கையில் ஒரு காசு கிடையாது.

துரைசாமி கோவைக்கு வந்தார். இன்றுள்ள ஆர்.எஸ்.புரம் அப்போது கிடையாது. நகரமே சின்னதுதான். ஓட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார், மேஜை துடைத்தார். பொழுதுபோக்கு இல்லை, வீண் செலவு இல்லை. இப்படியே சில ஆண்டுகள் ஓடின. சுமார் 300 ரூபாய் சேர்ந்தது. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அந்நாளில் அது பெரிய பணம்.

நேரே அதிகாரியிடம் போனார். வண்டியை விலைக்கு வாங்கிவிட்டார்.

எல்லாம் தரையில்!

வேறு வாலிபராக இருந்தால் என்ன செய்திருப்பார்? பெரிய கடை வீதியில் நாலு சுற்று வந்திருப்பார். கலங்கலுக்குப் போய் மீசையை முறுக்கியிருப்பார்.

துரைசாமி வண்டியைக் கழற்றினார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றித் தரையில் பரப்பினார். மூன்று வருஷச் சம்பளம் உதிரி உதிரியாகத் தரையில் கிடந்தது! பார்த்தவர்கள் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எது எதோடு சேர்கிறது, பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது, பொறி எங்கே விழுகிறது என்று பார்த்தார். பிறகு திரும்பப் பூட்டினார். நாயுடு இஞ்சினீயர் ஆனது அந்தத் தரையில்தான். அவருக்கு வாத்தியார் அந்த ரட்ஜ்தான்.

முன்சக்கரம் ஏன் தூக்குகிறது?

அந்த ரட்ஜ் வண்டியில் யாராலும் வீலிங் செய்திருக்க முடியாது. இஞ்சின் என்னவோ பெரிசுதான், 499 சி.சி. ஆனால் அந்நாள் கணக்குப்படி அதன் சக்தி மூன்றரைக் குதிரைச் சக்தி. இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட். ஒரேயடியாக முறுக்கினால் பெல்ட் வழுக்கும். முன்சக்கரம் தரையை விட்டு அசையாது.

1985-ல் வந்ததே யமஹா ஆர்.எக்ஸ். 100, அதன் கதை வேறு. சின்ன வண்டி, 98 சி.சி. ஆனால் 11 குதிரைச் சக்தி. கிளட்சைப் படக்கென்று விட்டால் முன்னால் தூக்கிவிடும். தமிழ்நாட்டில் பல பேருக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்த வண்டி அது! இப்போது வரும் பெரிய மோட்டார் சைக்கிள்களிலோ 150 குதிரைச் சக்திக்கு மேல் இருக்கிறது. கை கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினால் போதும், ஓட்டுகிறவன் விரும்பாவிட்டாலும் சக்கரம் எழும்பும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மாட்டு வண்டியில் பாரத்தை எல்லாம் பின்பக்கம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதுபோலத்தான். பின்சக்கரம் தரையைப் பின்னால் உதைக்கிறது. வண்டி முன்னால் பாயப் பார்க்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் ஆளின் கனமும் வண்டியின் கனமும் அதே வேகத்தில் கூட வருவதில்லை. பாரம் பின்னால் சாய்கிறது. முன்சக்கரம் கிளம்பிவிடுகிறது.

இனிமேல்தான் ஆபத்து. சக்கரம் உயர உயர, வண்டியின் கனம் பின் அச்சுக்கு நேர் மேலே வரும். தராசு முள் நடுவில் நிற்பது போல ஓர் இடம் அது. வீலிங் செய்கிறவன் தேடுவது அந்த இடத்தைத்தான். அதில்தான் அந்தச் சுகம்! அதைத் தாண்டி ஒரு விரற்கடை போனால் வண்டி மல்லாந்துவிடும். ஆள் கீழே, வண்டி மேலே. அப்போது காப்பாற்றக்கூடியது பின் பிரேக் ஒன்றுதான். அதை லேசாக மிதித்தால் முன்பக்கம் இறங்கும். பயத்தில் காலே எழும்பாதவன் கதி?

முன்சக்கரம் ஆகாயத்தில் இருக்கும்போது ஹாண்டில் வேலை செய்யாது. முன் பிரேக்கும் உதவாது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அவ்வளவுதான். இறங்கும்போது சக்கரம் கோணலாக விழுந்தாலும் ஹாண்டில் படபடவென்று அடித்து ஆளைத் தூக்கி எறியும். வண்டிக்கும் கேடு உண்டு. நெடுநேரம் தூக்கியே ஓட்டினால் சில இஞ்சின்களில் எண்ணெய் எல்லாம் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். மேல் பாகங்கள் காய்ந்து தேயும். நாயுடுவைப் போல ஒருமுறை கழற்றிப் பார்த்தவனுக்கு இது தெரியும்.

2023 செப்டம்பரில் காஞ்சீபுரம் அருகே நெடுஞ்சாலையில் ஓர் இளைஞர் பெரிய மோட்டார் சைக்கிளில் வீலிங் செய்தார். வண்டி அவரைத் தூக்கி எறிந்தது. தலைக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்திருந்தார். கை முறிந்ததோடு பிழைத்தார். சிறைக்குப் போனார். அவருடைய லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு ரத்தாயிற்று.

தூக்கிய சக்கரம் விழுந்தது

நாயுடுவுக்குத் துணிச்சல் இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். அவரும் ஒருமுறை முன்சக்கரத்தைத் தூக்கினார். ஆனால் மோட்டார் சைக்கிளில் அல்ல, பஞ்சு வியாபாரத்தில்!

முதல் உலகப் போர் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழில் நடத்தினார். பணம் கொட்டியது. கை நிறைந்ததும் பம்பாய்க்குப் போனார். அங்கே பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். அந்த மார்க்கெட்டின் சூட்சுமம் அவருக்குப் பிடிபடவில்லை. போட்ட பணம் போய்விட்டது. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

ரட்ஜைக் கழற்றிப் பார்த்தவர், பம்பாய்ச் சந்தையைக் கழற்றிப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

பின்னால் இருபது உயிர்

அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. கோவையில் பல தொழில்களை நடத்திய வெள்ளைக்காரர். கலங்கல்காரரின் மூளையை அவர் எடை போட்டிருந்தார். கடன் கொடுத்து உதவினார். 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட விட்டார். ஓட்டியவரும் அவரே.

அந்நாள் ரோடு எப்படி இருக்கும்? மண்ணும் சரளையும்தான். நடுவழியில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் வராது. பழனிக்குப் போகும் பக்தர்கள், குழந்தை குட்டியோடு பெண்கள், சந்தைக்குப் போகும் விவசாயிகள் என்று பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை உயிரும் ஓட்டுகிறவர் கையில். இஞ்சினில் ஒரு மாறுதலான சத்தம் வந்தாலும் அது என்ன என்று நாயுடுவின் காதுக்குத் தெரியும்.

ஒரு பஸ் பலவாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. பதினைந்து ஆண்டுகளுக்குள் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள்! நேரம் தவறாமல் ஓடுவதில் அந்தக் கம்பெனிக்கு நல்ல பெயர் இருந்தது.

அதன்பின் அவர் தொடாத துறை இல்லை. ஜெர்மனிக்குப் போனார். பாட்டரியில் ஓடும் சவரக் கத்தி செய்தார். ராசன்ட் என்று அதற்குப் பெயர். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் அதுதான் என்பார்கள். கோவைக்குப் பம்ப் நகரம் என்று பிற்பாடு பெயர் வந்ததற்கு விதை அங்கே விழுந்தது. மலிவு விலை ரேடியோ, சின்ன கார், பருத்திச் செடி, பப்பாளி என்று அவர் செய்த சோதனைகளை எழுதினால் ஒரு புத்தகம் வேண்டும்.

கழற்றத் தெரியவேண்டும்

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி வந்தது. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். கல்லூரி ஏற்படப் பாடுபட்டவர் நாயுடு. அவரே அதற்குத் தலைவராகவும் இருந்தார். மணலை வீசிவிட்டு ஓடிய பையன் காலேஜ் பிரின்சிபால்!

இஞ்சினீயர் படிப்புக்கு நாலு ஆண்டு தேவை இல்லை என்பது அவர் கட்சி. இரண்டே ஆண்டு போதும். பையன்கள் கரும்பலகையைப் பார்த்ததைவிட அதிகமாக மெஷினைத் தொடவேண்டும் என்றார். சர்க்கார் ஒப்பவில்லை. நாயுடு விலகிவிட்டார். ஆனால் தம்மிடம் வந்த வாலிபர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தினார். மோட்டார், ரேடியோ இரண்டையும் கழற்றிப் பூட்டக் கற்றுக் கொடுத்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார்.

வேகத்துக்கு ஓர் இடம்

அவருக்குப் பிறகும் கோவையை வேகம் விடவில்லை. லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். மற்ற வாலிபர்களும் ஓட்டும்படி குறைந்த செலவில் செய்தார். 1995-ல் சிறிய விமானம் விழுந்து இறந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை திறந்தபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே குழந்தை குறுக்கே வராது, எருமை வராது, தண்ணீர் லாரியும் வராது. விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது.

டி.பி. ரோட்டில் இவை எல்லாமே வரும். பதினெட்டு வயதாகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்து பிடிபட்டால், 2019-ல் திருத்திய சட்டப்படி தண்டனை தகப்பனாருக்கு. 25,000 ரூபாய் அபராதம். மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வீட்டில் மோட்டார் சைக்கிள் கேட்டு அழும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கை அவனுக்கும் படித்துக் காட்டலாம். கூடவே ஸ்பானர் செட் ஒன்றும் வாங்கிக் கொடுத்தால் நல்லது.

2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறந்தார்கள். உப்பிலிபாளையத்தில் தொடங்குகிறது. நாயுடு மின்சார மோட்டார் செய்த பீளமேட்டைக் கடக்கிறது. அவர் பிரின்சிபாலாக இருந்த கல்லூரியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப்பையும் தாண்டிப் போகிறது. அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு என்று பெயர்.