எல்லாப்பிரகடா சுப்பாராவும் நொதிச் செயல் அளவீடும்

எல்லாப்பிரகடா சுப்பாராவின் பெயர் இன்று பெரும்பாலும் மருந்துகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. புதுச்சேரி வட்டாரம் நன்கறிந்த யானைக்கால் நோய்க்கு வழங்கப்பெறும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையும் அவர் வழிநடத்திய ஆய்வுக்குழுவின் ஆக்கமே. ஆயினும் அவர்தம் அறிவியல் வாழ்வின் அடித்தளம் மருந்தன்று. ஓர் அளவீட்டு முறை.

1895 சனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முயற்சியில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் கதர் அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். உடன்பிறந்தார் இருவரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் சென்று, மருத்துவமனையில் கடைநிலைப் பணி செய்துகொண்டே ஹார்வர்டில் கற்றார். தாயகம் திரும்பவேயில்லை.

அங்கு சைரஸ் ஃபிஸ்கேவுடன் இணைந்து பாஸ்ஃபரசை அளக்கும் நிறமானி முறையை 1925-இல் வெளியிட்டார். புரதம் நீக்கிய கரைசலில் அமில மாலிப்டேட்டைச் சேர்த்து, அமினோநாஃப்தால் சல்ஃபோனிக் அமிலத்தால் ஒடுக்கினால் நீலம் தோன்றும். நீலத்தின் அடர்வே பாஸ்ஃபேட்டின் அளவு. சில நிமிடங்களில் முடியும் எளிய செயல்தான். ஆனால் தசைச் சாற்றில் அந்நீலம் உரிய நேரத்தில் முழுமையாகத் தோன்றாமல் தாமதித்தது. வேறொருவர் இதனை முறையின் குறையெனக் கருதித் திருத்த முயன்றிருக்கக்கூடும். இவ்விருவரோ தாமதத்திற்கே காரணம் தேடினர். அமிலத்தில் மெல்லச் சிதைந்து பாஸ்ஃபேட்டை விடுவிக்கும் ஒரு சேர்மம் தசையில் இருப்பது புலனாயிற்று. அதுவே 1927-இல் அறிவிக்கப்பட்ட பாஸ்ஃபோகிரியேட்டின். 1929-இல் ஏடிபியையும் தசையிலிருந்து பிரித்தனர். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமனும் தனியே அதனைக் கண்டறிந்தார்.

மாப்பொருளைப் பிளக்கும் நொதிகளை ஆய்ந்தோருக்கு இம்முறை இன்றியமையாததாயிற்று. உமிழ்நீரின் அமைலேசு மாப்பொருளை நீரால் பிளப்பது. விளையும் ஒடுக்கும் சர்க்கரையை அளந்தே அதன் செயலை மதிப்பிடலாம். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி இணையர் ஆராய்ந்த பாஸ்ஃபோரிலேசோ கிளைகோஜனைப் பாஸ்ஃபேட்டால் பிளக்கிறது. விளையும் குளுக்கோசு-1-பாஸ்ஃபேட்டு ஒடுக்கும் தன்மையற்றது. சர்க்கரைச் சோதனைகளுக்கு அது பிடிபடாது. எனவே வினையை எதிர்த்திசையில் நடத்தி, விடுபடும் பாஸ்ஃபேட்டை ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையால் அளப்பது வழக்கமாயிற்று. கோரி இணையர் 1947-இல் நோபல் பரிசு பெற்றனர். சுப்பாராவுக்கு அப்பரிசு கிட்டவில்லை.

ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவியும் வாய்க்காத நிலையில், 1940-இல் லெடர்லி ஆய்வகத்திற்குச் சென்றார். ஃபோலிக் அமிலத் தொகுப்பும் ஆரியோமைசினும் அவர் ஆய்வுத் தலைமையில் உருவானவை. 1948 ஆகத்தில் நியூயார்க்கில் காலமானபோது அவருக்கு வயது 53. 1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் யானைக்கால் நோயை ஆராய்ந்தபோது, அதன் கைக்கு எட்டிய மருந்து அவர் குழுவினுடையது. உயிர்வேதியியல் செய்முறைக் கையேடுகளிலோ அவர் பெயர் ஃபிஸ்கேவின் பெயருக்குப் பின், நீல நிறக் கரைசலுக்குரியதாகவே நிற்கிறது.