கோவேறு கழுதைகள் தாண்டிய மனிதர்

குழந்தைகளே, 1910ஆம் ஆண்டு நடந்தது இது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மின் ஆற்றங்கரை. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் கீழே ஆறு. ஒடுக்கமான பாதையில் பல்லக்கில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று மலைச்சரிவிலிருந்து பாறைகள் உருண்டன. அவர் குதித்து ஓடினார். பல்லக்கு ஆற்றில் விழுந்தது. இன்னொரு பாறை அவர் காலை முறித்துவிட்டது.

அவர்தான் எர்னஸ்ட் ஹென்றி வில்சன். 1876இல் இங்கிலாந்தின் சிப்பிங் கேம்டன் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தோட்ட வேலைக்குப் போனவர். புதிய செடிகளைத் தேடி 1899 முதல் பலமுறை சீனாவுக்குச் சென்றார்.

இந்த முறை அவர் தேடி வந்தது 'ரீகல் லில்லி'. 1903இல் இதே பள்ளத்தாக்கில் அவர் கண்டுபிடித்த மலர். நம் குளத்து அல்லி வேறு, இது வேறு. மண்ணில் கிழங்கிலிருந்து முளைக்கும். வெள்ளை ஊதுகுழல் போன்ற பூ. உட்புறத் தொண்டை மஞ்சள், வெளிப்புறம் ஊதாச் சாயல். ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள். மாலையில் மணம் கூடும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது!

கிழங்கை ஊருக்கு அனுப்புவதுதான் பெரும்பாடு. பூண்டுப் பற்களைப் போல் செதில்கள் அடுக்கியிருக்கும். ஆனால் மேலே வெங்காயச் சருகு போன்ற தோல் கிடையாது. காற்றுப் பட்டால் காயும், ஈரம் தேங்கினால் அழுகும். 1908இல் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை வீணாயின.

அதனால் 1910இல் மீண்டும் வந்தார். பூத்து முடிந்தபின் இலைகள் தயாரிக்கும் உணவு கிழங்கில் சேரும். பிறகு தண்டு காய்ந்து, கிழங்கு உறங்கும். அந்த அக்டோபர் மாதத்தில் தோண்டும்படி ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பும்போதுதான் விபத்து.

புகைப்படக் கருவியின் முக்காலியைக் காலில் கட்டினார்கள். அப்போது எதிரே கோவேறு கழுதைக் கூட்டம் வந்தது. ஒதுங்க இடமில்லை; நின்றால் மீண்டும் பாறை விழலாம். வில்சன் பாதையின் குறுக்கே படுத்துக்கொண்டார். சுமார் ஐம்பது கழுதைகளும் அவரைத் தாண்டிப் போயின. ஒன்றின் குளம்பும் படவில்லை! மூன்று நாள் பயணத்துக்குப் பிறகுதான் செங்டு நகரில் வைத்தியம் கிடைத்தது. காயம் சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டிய நிலைகூட வந்தது. நல்லவேளை, கால் தப்பியது.

6,000க்கும் மேற்பட்ட கிழங்குகள் களிமண் பூசப்பட்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தன. பிழைத்துப் பூக்கவும் செய்தன. அங்கும் குளிர்காலம் உண்டே! குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் இந்தக் கிழங்குகள் ஒழுங்காகப் பூக்கும். வீட்டுக்குள் தொட்டியில் வளர்ப்பவர்கள், கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் செடியை ஏமாற்றுவதும் உண்டு.

வில்சனின் ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அந்த நடைக்கு அவரே வேடிக்கையாக லில்லியின் பெயரைச் சூட்டிக்கொண்டார். 1925இல் கிழக்காசிய லில்லிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். எத்தனையோ மலைப்பாதைகளில் தப்பியவர், 1930இல் அமெரிக்காவில் நடந்த கார் விபத்தில் மனைவியுடன் இறந்துபோனார்.