பண்டிதர் அயோத்திதாசரும் இராயப்பேட்டைச் சங்கமும்

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பெரியார் ஒருவருடைய வரலாற்றை எழுதித் தருமாறு செயற்குழுவினர் பணித்தபோது, பண்டிதர் அயோத்திதாசரையே நாம் தேர்ந்துகொண்டோம். அவருடைய புலமையை இளைஞர் பலரும் கேள்விப்பட்டிருப்பர். மக்களை ஓரிடத்திற் கூட்டி அமரச் செய்ய அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்கார அதிகாரியிடம் பணியாற்றியவர். வீட்டிற் பாதுகாத்து வந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிசு துரையின் கைக்குச் சேர்ப்பித்தவர். பண்டிதரோ தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஆசிரியப் பணியிலுள்ள நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும். சித்த மருத்துவம் அவருடைய தொழில்.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த அவர், 1870களில் ஆங்கே அத்துவைதானந்த சபையை நிறுவினார். அந்நாளில் அவர் பௌத்தரல்லர். அத்துவைதத்திற் சாதிக்கு இடமில்லை என நம்பியவர். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் மாநாடு கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை அரசுக்கும் காங்கிரசுக்கும் விடுத்தார்.

மறு ஆண்டு சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்திற்கு அவர் சென்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், தரிசு நிலமும் கேட்டபோது அவையோர் மறுக்கவில்லை. சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் தம் மக்கள் நுழைய வழி கேட்டபோதோ எதிர்ப்பு எழுந்தது. உங்களுக்கு உங்கள் சேரித் தெய்வங்கள் உள்ளனவே என்ற கருத்தில் ஒருவர் விடையிறுத்தார். அத்தெய்வங்களை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று பண்டிதரும் சுடச்சுடத் திருப்பியுரைத்தார். எனினும் வாசல் திறக்கவில்லை. நெஞ்சில் நம்பிக்கை இருந்தது, நூலறிவும் இருந்தது, மற்றவரோடு தோளுரச நின்று வணங்க ஓரிடம் இல்லை. இக்குறையே அவரை வேறு வழி தேடச் செய்தது என நாம் கருதுகிறோம்.

பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டு துரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சென்னையிற் பள்ளிகள் நடத்தி வந்தார். அவருடைய துணையால் 1898இல் பண்டிதரும், பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் கொழும்புக்குச் சென்று சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றனர். அவ்வாண்டே இராயப்பேட்டையிற் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. புத்தரின் அறத்தை வீட்டிலிருந்தே ஓதியிருக்கலாகாதா என்று ஒருவர் வினவலாம். கோயிலிலும் தெருவிலும் விலக்கப்பட்டவனுக்குத் தனித்திருத்தல் புதிதன்று. அருகில் அமர இடம் தந்து, வருகவென அழைப்போர் கூட்டமே அவனுக்குப் புதிது. சங்கத்தில் மக்கள் கூடி அறவுரை கேட்டனர்; திருமணமும் ஈமக்கடனும் பௌத்த முறைப்படி நடைபெற்றன. பேராசிரியர் இலட்சுமிநரசு, சிங்காரவேலர் போன்றோரும் அங்கே வந்து பழகினர். தீபாவளி, கார்த்திகை ஆகிய பண்டிகைகளுக்கும் பண்டிதர் பௌத்த விளக்கம் தந்தார். அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் இன்று ஏற்க இயலாது. ஒடுக்கப்பட்டோருள்ளும் சில பிரிவினரைத் தாழ்த்தி அவர் எழுதியது நமக்கு உடன்பாடன்று. அனைவரும் அமரவேண்டிய பந்தியில் சிலருக்கு இலை போடாமல் விட்டதாகவே அது முடிந்தது.

1907 ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது ‘தமிழன்’ ஆயிற்று. இதழ் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா வரையிலும் சென்றது. இதழைப் படிப்பதோடு மக்கள் அமைந்துவிடவில்லை. கோலார் தங்கவயலில், சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்து மேலே வந்த தொழிலாளர், தமக்கெனச் சங்கக் கிளை அமைத்துக் கூடினர். பெங்களூரிலும் திருப்பத்தூரிலும் பிறவிடங்களிலும் அவ்வாறே கிளைகள் எழுந்தன. சந்தா அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்றெண்ணும் நம் உறுப்பினர் சிலரை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

பண்டிதர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். அவருடைய மைந்தர் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் அது நின்றது. 1926இல் ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தபோது அது பிறந்த இடம் இராயப்பேட்டையன்று, தங்கவயல். அப்பாதுரையார் அதன் ஆசிரியரானார். பண்டிதருடைய நூல்கள் பலவற்றை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டு வைத்தமையாலேயே அவை நம் கைக்கு எட்டின. சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்து வளர்த்த சங்கம் அது.