கணவரையே தேர்தலில் தோற்கடித்த டாக்டர்! யார் இந்த மார்த்தா ஹியூஸ் கேனன்?

1896 நவம்பர் 3. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செனட் தேர்தல். குடியரசுக் கட்சி வேட்பாளர்களில் ஒருவர் ஆங்கஸ் கேனன். எதிரணியான ஜனநாயகக் கட்சிப் பட்டியலில் அவருடைய மனைவி மார்த்தா! ஜெயிச்சது யார்? மனைவிதான். அமெரிக்காவில் மாநில செனட்டுக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே.

ஆனா, அவர் கதை இந்த ஒரு வெற்றியோடு முடிவதில்லை.

பாலைவனம் தாண்டி வந்த குடும்பம்

மார்த்தா 1857-ல் வேல்ஸில் பிறந்தவர். பெற்றோர் மார்மன் மதத்தில் சேர்ந்தவர்கள். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவு அது. துரத்தப்பட்ட அந்த மக்கள் 1847 முதல் யூட்டாவின் வறண்ட பள்ளத்தாக்கில் குடியேறினார்கள்.

அங்கே போய்ச் சேர மார்த்தா குடும்பம் கடல் கடந்து, சமவெளிகளையும் கடந்தது. வழியிலேயே குழந்தைத் தங்கை இறந்துபோனாள். ஊர் வந்து சேர்ந்த சில நாளில் அப்பாவும் போய்விட்டார். டாக்டராகணும் என்ற ஆசை மார்த்தாவுக்கு அப்போதிருந்தே வளர்ந்தது.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1880-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 23.

ரகசியத் திருமணம்

1884-ல், தன்னைவிட 23 வயது மூத்த ஆங்கஸுக்கு நான்காவது மனைவியானார். பலதார மணம் அன்றைய மார்மன்களின் வழக்கம். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆங்கஸ் சிறைக்குப் போனார்.

மார்த்தாவுக்குச் சிக்கல் இரண்டு மடங்கு. அவரே ரகசிய மனைவி. கூடவே, மற்ற ரகசிய மனைவிகளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டர். அவர் சாட்சி சொன்னால் பல குடும்பத் தலைவர்கள் சிறைக்குப் போவார்கள். அதனால் 1886-ல் கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். பெயரை மறைத்து, தனிமையில் வாழ்ந்த காலம் அது.

திரும்பி வந்தவர் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பெண்கள் வாக்குரிமைக்காக மேடை ஏறினார். யூட்டா பெண்களுக்கு 1870-ல் கிடைத்த வாக்குரிமையை 1887-ல் மத்திய அரசு பறித்திருந்தது. 1896-ல் யூட்டா தனி மாநிலமானபோது அந்த உரிமை திரும்ப வந்தது. அதே ஆண்டில்தான் மார்த்தாவின் வெற்றியும்.

பதவியில் என்ன செய்தார்?

மாநில சுகாதார வாரியம் அமைய வழிசெய்தார். காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி கொண்டுவந்தார். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று சட்டம் கொண்டுவந்தார்.

1890-லேயே மார்மன் தலைமை புதிய பலதார மணங்களைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது. ஆனால் 1899-ல் மார்த்தாவுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. பழைய மணவாழ்க்கை தொடர்வது ஊருக்கே தெரிந்துபோனது. ஆங்கஸ் மறுபடி கைது. மார்த்தாவின் அரசியல் வாழ்க்கையும் அதோடு முடிந்தது.

1932-ல் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவர் விருப்பப்படியே நாட்குறிப்புகள் எரிக்கப்பட்டன. அந்த வாழ்க்கை மனசுக்குள் எப்படி இருந்தது என்பதை அவர் யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

விட்டுச் சென்றது சட்டங்களையும், ஒரு முன்னுதாரணத்தையும். ஒரு காலத்தில் அமெரிக்க அரசுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தவருக்கு, 2024 டிசம்பரில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே சிலை வைத்தது யூட்டா.