கேமரா இல்லாமல் படம் எடுத்த ஆசான் மொஹோலி-நாகி

புகைப்படத்திற்குக் கேமரா வேண்டும் என்பதுதான் பொதுவான எண்ணம். கேமராவே இல்லாமல், இருட்டறையில் ஒரு தாளையும் வெளிச்சத்தையும் வைத்தே படம் உருவாக்கியவர் ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி. அதையே மாணவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

1895 ஜூலை 20-ஆம் தேதி தெற்கு ஹங்கேரியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். கைகொடுத்தவர் வழக்கறிஞரான தாய்மாமன். மாமனின் பெயரான நாகியையும், வளர்ந்த ஊரான மொஹோலையும் சேர்த்துத் தம் பெயராக்கிக் கொண்டார்.

புடாபெஸ்டில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படைக்குப் போனார். போர்முனையில் அஞ்சல் அட்டைகளில் படம் வரைந்தார். 1917-இல் காயமடைந்தார். போருக்குப் பின் சட்டத்தைக் கைவிட்டு ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தார்.

1920-இல் பெர்லின் சென்றவர், மறு ஆண்டு பிராகில் பிறந்த லூசியாவை மணந்தார். வருமானமில்லாத அந்நாள்களில் பதிப்பகத்தில் லூசியா பார்த்த வேலைதான் குடும்பத்தைத் தாங்கியது.

1922-இல் இருவரும் ஃபோட்டோகிராம் சோதனைகளைத் தொடங்கினர். வெள்ளி உப்பு பூசிய தாளின்மேல் இலை, கம்பி, கண்ணாடி, சில வேளை கையையே வைத்து வெளிச்சம் பாய்ச்சுவார்கள். தாளை மருந்து நீரில் கழுவினால், வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். கண்ணாடி வழியே கசிந்த இடம் சாம்பல் நிறமாகும். இங்கிலாந்தின் டால்போட் 1830-களிலேயே இலைகளை இப்படிப் பதித்திருந்தார். மொஹோலி-நாகி அதை வெளிச்சத்தால் வரையும் ஓவியமாக வளர்த்தார்.

1923-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி அவரை ஆசிரியராக அழைத்தது. 1925-இல் ஓவியம், புகைப்படம், திரைப்படம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. இருட்டறை வேலையிலும் நூல் வேலையிலும் லூசியாவின் உழைப்பு பெரிது. ஆனால் பெயர் கணவருக்கே போனது. 1929-இல் இருவரும் பிரிந்தனர். நாஜிகளுக்கு அஞ்சி 1933-இல் நாட்டை விட்டு ஓடிய லூசியா, தாம் எடுத்த ஏறக்குறைய 560 கண்ணாடி நெகட்டிவ்களை விட்டுச் செல்ல நேர்ந்தது. அந்தப் படங்கள் பல ஆண்டுகள் அவர் பெயரில்லாமலே அச்சாயின. போராடி ஒரு பகுதியை மீட்டார். இருவரும் சேர்ந்து செய்த சோதனைகள் பற்றி 1972-இல் அவரே நூல் எழுதித் தெளிவுபடுத்தினார்.

மொஹோலி-நாகியும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, லண்டன் வழியாக 1937-இல் சிகாகோ சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் திறந்த பள்ளி, பணமின்றி ஓராண்டிலேயே மூடியது. அவர் விடவில்லை. 1939-இல் சொந்த முயற்சியில் புதிய பள்ளியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆசிரியர்கள் சம்பளமின்றிப் பாடம் நடத்தினர். நிறுவனங்களுக்கு வடிவமைப்பு வேலையும் செய்துகொண்டே அவர் பள்ளியை நடத்தினார். புகைப்பட மாணவர்கள் கேமராவைத் தொடுமுன் ஃபோட்டோகிராம் செய்து வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1945-இல் இரத்தப் புற்றுநோய் கண்டது. அதன் பிறகும் வகுப்பையும் எழுத்தையும் நிறுத்தவில்லை. 1946 நவம்பர் 24-ஆம் தேதி, 51-ஆவது வயதில் சிகாகோவில் காலமானார். கடைசி நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது.

இன்று புடாபெஸ்டில் ஒரு கலைப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெர்லின் இருட்டறையில் பிறந்த அந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது, இப்போது லூசியாவின் பெயரும் உடன் வருகிறது.