பந்தும் மண் குவளையும்: பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்திலும் அவலூர்பேட்டைத் திடல்களிலும் விடுமுறை தோறும் கிரிக்கெட் ஆடும் நம் மாணவர்கள், வீரர்தம் சாதனைகளை எண்ணிக்கை பிசகாமல் ஒப்பிப்பர். எனினும் இந்திய நாடு ஈன்ற முதல் பெரும் பந்துவீச்சாளர் எனப் போற்றப்பெறும் பல்வங்கர் பாலுவை அறிந்தோர் அவருள் மிகச் சிலரே.

பாலு 1876-இல் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழில் செய்தமையால் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் குடியினர். தந்தையார் படைத்துறை ஊழியராதலின் குடும்பம் புனாவில் வாழ்ந்தது. அங்குப் பார்சியர் கழகமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை பாலுவுக்குக் கிட்டியது. மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் புனா கழகத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். களத்தைச் செப்பனிடுதல், வலை கட்டுதல், உறுப்பினர்க்குப் பந்தெறிதல் ஆகியவை அவர்தம் கடமைகள். கிரேக் என்னும் ஆங்கில ஆட்டக்காரர் மற்றவர்க்கு முன்பாகவே வந்து மணிக்கணக்கில் பாலுவைப் பந்தெறியச் செய்வார். தம்மை வீழ்த்துந்தோறும் எட்டணா அளிப்பார் என்றும் கூறுவர். மட்டையை மட்டும் பாலுவின் கையில் எவரும் கொடுத்ததில்லை. அவ்விழிவே இடக்கைச் சுழற்பந்தில் நிகரற்ற பயிற்சியாக அமைந்தது என்பது என் கருத்து.

அவர் திறமையைக் கேள்வியுற்ற புனா இந்துக் கழகத்தார், நெடிய வாதத்திற்குப் பின்னரே அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே மண் குவளை. ஒரே சஹனில் பலர் கூடியுண்ணும் விருந்தில் வளர்ந்த நமக்கு, அந்தக் குவளையின் கனம் எளிதில் விளங்காது.

பின்னர்ப் பம்பாய் சென்ற பாலு, இந்துக்கள் அணிக்கு ஆடினார். 1906-இல் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றது நாடெங்கும் பேசப்பட்டது. ஆள்வோரை ஆளப்படுவோர் அவர்தம் ஆட்டத்திலேயே வென்ற நாள் அது.

அவர் புகழின் உச்சம் 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணம். பாட்டியாலா மன்னர் தலைமையில் சென்ற அணி பெரும்பாலும் தோல்வியே கண்டது. பாலு மட்டும் தோள்வலியையும் பொருட்படுத்தாது 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார், சராசரி 18.84. லீசெஸ்டர்ஷயர் அணியை வென்ற ஆட்டத்தில் அவர் பங்கு 11 விக்கெட்டுகள். பாலுவை இளமையில் வியந்து போற்றியவருள் அம்பேத்கரும் ஒருவர்.

இத்தகையவர்க்கு அணித்தலைமை இறுதிவரை வழங்கப்படவில்லை. தகுதியிருந்தும் தம் குடும்பத்தார் புறக்கணிக்கப்பட்டமை கண்டு, 1920-இல் பல்வங்கர் சகோதரர்கள் அணியை விட்டு விலகினர். அதன் பின்னரே பாலுவுக்குத் துணைத்தலைவர் பதவி வாய்த்தது. 1923-இல் தம்பி விட்டல் தலைவரானார். அவ்வாண்டு ஐரோப்பியரை வென்று கோப்பையையும் கைப்பற்றினார். பாலு அப்போது ஓய்வு பெற்றிருந்தார். முதல்தர ஆட்டங்கள் 33-இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179, சராசரி 15.21.

ஆட்டத்தை விட்டபின் அரசியலில் ஈடுபட்டார். 1932-இல் நம் சென்னைத் தலைவர் எம்.சி. ராஜாவுடன் நின்று கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். புனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். தனித்தொகுதி கோரிய அம்பேத்கரின் வழி வேறு. 1937-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் இருவரும் நேருக்கு நேர் மோதினர். ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்குகளில் பாலு தோற்றார். இருவரும் ஒரே கொடுமையை அனுபவித்தவர்கள். அதனைக் களையும் வழியில் மாறுபட்டனர். 1955 சூலை 4-ஆம் நாள் பாலு பம்பாயில் மறைந்தார்.